படிக்கட்டுக்கு அடியில் ஹீட் பம்ப் வைக்கலாமா?

கேள்வி: நாங்கள் தேன்கனிக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் குடியிருக்கிறோம். மாமியார், நாங்கள் இருவர், இரண்டு மகன்கள், மருமகள், மூன்று வயதுப் பேரன் என வீட்டில் ஏழு பேர், குளியலறை மூன்று. இருக்கிற இரண்டு கீசர்களில் ஒன்று ஒழுகுகிறது, மற்றதில் காயில் இரண்டு முறை போய்விட்டது. குளிர்காலத்தில் இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் ஓடுகிறது. கடைக்காரர் ஒருவர் 300 லிட்டர் ஹீட் பம்பைப் படிக்கட்டுக்கு அடியிலுள்ள சிறு அறையில் வைத்துத் தருவதாகவும், மூன்றே ஆண்டில் போட்ட பணம் திரும்பிவிடும் என்றும் சொல்கிறார். என் தம்பி, சோலார் போதும் என்கிறான். மொட்டை மாடியில் காலை பத்து மணி வரை புளியமரத்து நிழல் விழும்; மேலே ஒரு தளம் எழுப்பும் எண்ணமும் மகன்களுக்கு இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் தாழ்வாரமும் அதை ஒட்டி மாட்டுக் கொட்டகையும் உள்ளன. போர் தண்ணீர்தான். என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்:

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

உங்கள் வீட்டுக்கு ஹீட் பம்ப் பொருந்தும். ஆனால் 300 லிட்டர் தேவையில்லை, 200 போதும்; கடைக்காரர் சொன்ன அறையில் அவர் சொன்ன விதத்தில் வைக்கக் கூடாது; மூன்று ஆண்டில் பணம் திரும்பும் என்பதை நம்பியும் வாங்க வேண்டாம். எந்தக் கம்பெனி இயந்திரம் என்று தேடுவதற்கு முன்னால், அதை எங்கே வைப்பது, அதற்குள் எந்தத் தண்ணீர் போகப்போகிறது என்ற இரண்டையும் முடிவு செய்துவிடுங்கள். வாங்கியவர்கள் பின்னால் சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றிலிருந்துதான் தொடங்குகின்றன.

கீசரில் மின்சாரம் நேரடியாக வெப்பமாக மாறுகிறது. ஒரு யூனிட் கொடுத்தால் ஒரு யூனிட் வெப்பம்தான் கிடைக்கும். ஹீட் பம்ப் வெப்பத்தை உண்டாக்குவதில்லை, சுற்றியுள்ள காற்றில் இருப்பதை எடுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. நம் வீட்டு ஃபிரிட்ஜ் உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்துப் பின்புறம் வெளியேற்றுகிறதே, அதே வேலைதான். இங்கே வெளியேறும் வெப்பம் தண்ணீர்த் தொட்டிக்குப் போகிறது. கம்ப்ரசரை ஓட்ட மட்டுமே மின்சாரம் செலவாவதால், ஒரு யூனிட் கொடுத்து மூன்று யூனிட் அளவுக்கு வெப்பம் பெற முடிகிறது. விளம்பரத் தாளில் 3.5, 4 என்று அச்சிட்டிருக்கும் எண் இந்த விகிதத்தைத்தான் குறிக்கிறது. அந்த எண் ஒரு குறிப்பிட்ட காற்று வெப்பநிலையில், பெரும்பாலும் 20 டிகிரியில், சோதித்துக் கிடைத்தது. காற்று குளிரக் குளிர அது குறையும். தண்ணீரை அதிகச் சூட்டுக்குக் கொண்டுபோகப் போகவும் குறையும். உங்கள் பகுதி மேட்டு நிலம். தருமபுரியிலும் காவேரிப்பட்டணத்திலும் இல்லாத குளிர் மார்கழி, தை மாதங்களில் அங்கே உண்டு, விடியற்காலையில் 15 டிகிரிக்குக் கீழே இறங்கும் நாட்களும் உண்டு. ஆகவே குளிர்காலக் கணக்கை 2.5 என்று போடுவதே நேர்மையானது.

முதலில் அளவைப் பார்ப்போம். 20 லிட்டர் வாளியில் 40 டிகிரி வெந்நீர் விளாவிக் குளிப்பவருக்கு, தொட்டியில் 50 டிகிரியில் இருக்கும் தண்ணீரிலிருந்து ஏறத்தாழ 13 லிட்டர் தேவை; மீதி பச்சைத் தண்ணீர். ஷவரில் குளிப்பவர் 30 லிட்டர் வரை எடுத்துக்கொள்வார். உங்கள் வீட்டில் ஐந்து பேர் வாளியிலும் இரண்டு பேர் ஷவரிலும் குளிப்பதாக வைத்து, மாமியாருக்கு மாலையிலும் ஒரு வாளி, பாத்திரம் கழுவக் கொஞ்சம் என்று சேர்த்தாலும் நாளொன்றுக்கு 150 லிட்டரைத் தாண்டாது. தொட்டியிலிருந்து வெந்நீர் வெளியேறும்போது அடியில் குளிர்ந்த தண்ணீர் நுழைந்து கலப்பதால், 200 லிட்டர் தொட்டியில் நல்ல சூட்டோடு கையில் கிடைப்பது 160, 170 லிட்டர்தான். அது உங்களுக்குச் சரியாக இருக்கும். 300 லிட்டர் வாங்கினால், பயன்படாத வெந்நீரைத் தினமும் சூடாக வைத்திருக்கும் செலவு உங்கள் தலையில் விழும்.

இனிப் பணம். 150 லிட்டர் தண்ணீரை 22 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்கு உயர்த்தக் கிட்டத்தட்ட 5 யூனிட் வெப்பம் தேவை. இரண்டு கீசர்களில், உள்ளே வெந்நீர் ஆறுவதால் வரும் இழப்பும் சேர்ந்து, இது 6 யூனிட்டாகிவிடும். ஹீட் பம்பில் 2 முதல் 2.5 யூனிட்டுக்குள் முடியும். ஆக, குளிர்காலத்தில் இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்கு மேல் மிச்சமாகி, உங்கள் 700 யூனிட் 500க்குக் கீழே வந்துவிடும். இதில் ஒரு நன்மை கூடுதலாக இருக்கிறது. நம் மின்வாரியக் கட்டண முறையில் 500 யூனிட்டைத் தாண்டியவர்களுக்கு அதற்கு மேலுள்ள யூனிட்டுகள் 8 ரூபாய்க்கு மேல் போவதோடு, 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் குறைந்த விலையும் கைவிட்டுப் போகிறது. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டால் குளிர்காலப் பில் ஒன்றில் ஏறத்தாழ 2,000 ரூபாய் குறையும். கோடையில் மிச்சம் சொற்பம்தான். வெந்நீரே குறைவாகத்தான் செலவாகும், அதுவும் மலிவான யூனிட்டுகளில் கழியும். ஆண்டுக்கு 7,000, 8,000 ரூபாய் மிச்சம் என்பது என் மதிப்பீடு.

இயந்திரம், குழாய், வயரிங் எல்லாம் சேர்ந்தால் செலவு ஒரு லட்சத்துக்குக் குறையாது. எப்படியும் மாற்ற வேண்டிய இரண்டு கீசர்களின் விலையை அதிலிருந்து கழித்தாலும், போட்ட பணம் திரும்பப் பத்து ஆண்டாவது ஆகும். நன்றாகப் பராமரித்த இயந்திரத்தின் ஆயுளும் ஏறக்குறைய அவ்வளவுதான். மூன்று ஆண்டுக் கணக்கு பொய்யல்ல, ஆனால் அது வீட்டுக் கணக்கு அல்ல. தினமும் ஆயிரக்கணக்கான லிட்டர் வெந்நீர் செலவாகி, வணிகக் கட்டணமும் செலுத்தும் தங்கும் விடுதிக்கும் மருத்துவமனைக்கும் உரிய கணக்கை எடுத்து உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். மூன்று குளியலறைகளிலும் எந்த நேரமும் வெந்நீர், காயில் மாற்றும் தொல்லை இல்லாமை, குளிர்காலப் பில் குறைவு ஆகியவற்றுக்காக வாங்குவதானால் வாங்கலாம். லாபத்துக்காக என்றால் வேண்டாம்.

தம்பி சொல்வதும் பொதுவாகச் சரியான பேச்சுதான். வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள் இரண்டிலும், திறந்த மாடி உள்ள வீட்டுக்குச் சோலார் ஹீட்டரைத்தான் நான் முதலில் சொல்வேன். விலையும் பாதிக்கும் கீழே. உங்கள் மாடியில் பத்து மணி வரை நிழல் இருக்கிறது, மேலே தளம் வந்தால் எல்லாவற்றையும் கழற்றி மாட்ட வேண்டும், ஐப்பசி கார்த்திகை மழையில் கீசரைத் தேட வேண்டும், உப்புத் தண்ணீர் கண்ணாடிக் குழாய்களுக்குள் படியும். நான்கும் ஒரே வீட்டில் சேர்ந்திருப்பதால் உங்களுக்கு அதைப் பரிந்துரைக்கவில்லை. புளியமரத்தை வெட்டச் சொல்லும் பாவமும் எனக்கு வேண்டாம்.

அடுத்தது இடம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தொட்டியும் கம்ப்ரசரும் ஒரே உடலாக இருக்கும் வகையைத்தான் கடைக்காரர் காட்டியிருக்க வேண்டும். படிக்கட்டுக்கு அடியிலுள்ள அறை வழக்கமாக ஆறடிக்கு நான்கடி, ஏழடி உயரம் இருக்கும். அதாவது ஐந்து கனமீட்டருக்கும் குறைவான காற்று. ஓடும்போது இயந்திரம் காற்றிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோவாட் வெப்பத்தை இடைவிடாமல் உறிஞ்சுகிறது. சுவர்கள் ஓரளவு வெப்பத்தைத் திருப்பிக் கொடுத்தாலும், கதவை மூடினால் சிறிது நேரத்திலேயே அந்த அறை சில்லிட்டுப்போகும்; இயந்திரம் தான் விட்ட குளிர்காற்றையே திரும்பத் திரும்ப இழுக்கும்; காற்றை இழுக்கும் காயிலில் பனி படியும். அப்போது உள்ளே துணைக்கு வைத்திருக்கும் மின் காயில் தானாக வேலையை எடுத்துக்கொள்ளும். வெந்நீர் வந்துகொண்டே இருப்பதால் வீட்டில் யாருக்கும் இது தெரியாது. லட்ச ரூபாய் கொடுத்து ஒரு பெரிய கீசரை ஓட்டிக்கொண்டிருப்பது பில் வந்த பிறகுதான் புரியும். இப்படி ஒரே உடலாக உள்ள இயந்திரத்தை அறைக்குள் வைப்பதானால் 15, 20 கனமீட்டர் காற்றாவது வேண்டும், அல்லது காற்றைக் குழாய் வைத்து வெளியே கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு இயந்திரத்தின் கையேட்டிலும் இந்த அளவு அச்சிடப்பட்டிருக்கும். கடையில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

தாழ்வாரம் காற்றோட்டமாகத்தானே இருக்கிறது, அங்கே வைத்துவிடலாமே என்று தோன்றும். கொட்டகை அங்கே இல்லையென்றால் நானும் அதையே சொல்லியிருப்பேன். மாட்டு மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா செம்பை அரிக்கும். காற்றை இழுக்கும் காயில் செம்புக் குழாயும் மெல்லிய அலுமினியத் தகடுகளும் சேர்ந்தது. மூத்திர நெடி ஏறிய காற்றை நாள்தோறும் இழுத்தால் சில ஆண்டுகளில் மயிரிழை அளவு துளை விழுந்து, உள்ளே வெப்பத்தைச் சுமந்து ஓடும் கேஸ் இறங்கிவிடும். அந்த மாதிரி அரிப்புக்குப் பெரும்பாலும் வாரண்டியும் கிடைக்காது. விறகடுப்புப் புகை, தவிட்டுத் தூசி, கல் உடைக்கும் இடங்களிலிருந்து வரும் தூசி ஆகியவையும் தகடுகளின் இடைவெளியை அடைத்துக் காற்றைத் தடுக்கும்.

ஆகவே உங்களுக்கு ஏற்றது, ஏசியைப்போல உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாகப் பிரித்து வைக்கும் வகை. தொட்டியை மட்டும் படிக்கட்டு அறையில் வைக்கலாம். அதற்குக் காற்று தேவையில்லை. அறை வீட்டின் நடுவில் இருந்தால் மூன்று குளியலறைகளுக்கும் குழாய் நீளம் குறையும். இது சின்ன விஷயமல்ல. முக்கால் அங்குலக் குழாயில் மீட்டருக்குக் கால் லிட்டர் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். 15 மீட்டர் ஓடினால், ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட நான்கு லிட்டர் ஆறிய தண்ணீரைத் திறந்துவிட்ட பிறகுதான் சூடு வரும். அரை அங்குலமாகக் குறைத்தால் ஏறக்குறைய பாதி. வெந்நீருக்குச் சி.பி.வி.சி. அல்லது பி.பி.ஆர். குழாய்தான் போட வேண்டும். பச்சைத் தண்ணீருக்குப் போடும் வெள்ளை யு.பி.வி.சி. சூட்டில் நெகிழ்ந்துவிடும். குழாய் முழுவதற்கும் நுரை உறை போடுங்கள், சுவருக்குள் புதைக்கும் பகுதிக்கும் சேர்த்து.

வெளிப் பகுதியைக் கொட்டகைக்கு எதிர்ப்புறச் சுவரில், முன்னால் காற்று தடையின்றிப் போகும் இடத்தில் மாட்டுங்கள். மாமியார் படுக்கும் அறையின் ஜன்னலுக்கு நேராக வேண்டாம். அதன் சத்தம் ஏசி வெளிப்பகுதியின் சத்தத்துக்கு ஈடாக இருக்கும். ஓடும்போது காயிலில் காற்றின் ஈரம் தண்ணீராகச் சொட்டும், மழைக்காலத்தில் லிட்டர் கணக்கில். அதற்கும் ஒரு குழாய் விட்டு வடிகாலில் சேருங்கள். கேஸ் குழாய் இணைப்பை, வேக்கம் பம்ப் கொண்டுவந்து காற்றை முழுவதும் இழுத்தெடுத்த பிறகு கேஸ் திறக்கும் ஏசி மெக்கானிக்தான் செய்ய வேண்டும். பிளம்பரே அதையும் சேர்த்துச் செய்துவிடுவார் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கேஸ் வகைகளில் ஆர்290 என்பது புரொப்பேன். சமையல் கேஸ் இனத்தைச் சேர்ந்தது, எரியக்கூடியது. சுற்றுச்சூழலுக்கு நல்லதுதான் என்றாலும், கேஸ் குழாய் மூடிய அறைக்குள் வரும் உங்கள் அமைப்புக்கு அது வேண்டாம்.

தொட்டியில் தண்ணீர் நிரம்பினால் மொத்த எடை 300 கிலோவை நெருங்கும். தரைத் தளத்தில் கவலையில்லை; பரண் மேல் ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் விடக் கூடாது. படிக்கட்டு அறையின் கூரை சரிவாக இருக்குமாதலால், தொட்டியின் தலைக்கு மேல் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். ஆனோட் ராடு எனப்படும் மக்னீசியத் தண்டை மேலே உருவி எடுக்க இடம் வேண்டும். தொட்டியின் இரும்பு அரிக்கப்படாமல் தன்னை அரிக்கக் கொடுப்பது அந்தத் தண்டு. உங்கள் தண்ணீருக்கு ஆண்டுக்கு ஒரு முறை அதை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

தண்ணீர்ப் பேச்சு இங்கேயே வந்துவிடுகிறது. காயில் இரண்டு முறை போனது என்று எழுதியிருப்பதிலிருந்தே, உங்கள் போர் தண்ணீரில் கடினத்தன்மை மிகுதி என்று ஊகிக்கலாம். சூடேறும்போது சுண்ணாம்புப் படிவு காயிலின் மேல் ஓடாகக் கட்டும். வெப்பம் வெளியேற வழியில்லாமல் காயில் எரிந்துவிடும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துக் கடினத்தன்மை, கரைந்துள்ள மொத்த உப்பு, குளோரைடு, ஃபுளூரைடு ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். குடிநீர்த் தரத்தில் கடினத்தன்மைக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு வழியில்லாதபோது 600 வரை. ஹீட்டரைப் பொறுத்தவரை 300ஐத் தாண்டினாலே, கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் வைப்பது நல்லது என்பேன். கேஸ் சுருள் தொட்டிக்குள் மூழ்கியிருக்கும் வகையைத் தவிர்த்து, தொட்டியின் வெளிப்புறத்தில் சுற்றியிருக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். படிவு அதைத் தொடாது. குளோரைடு அதிகமென்று ஆய்வில் வந்தால், சாதாரண 304 எவர்சில்வர் தொட்டியில் புள்ளி புள்ளியாகத் துளை விழும். 316எல் தொட்டியோ கண்ணாடிப் பூச்சுத் தொட்டியோ பார்க்கலாம். சாஃப்ட்னரை உப்புப் போட்டுக் கழுவும்போது வெளியேறும் உவர்நீரைத் தென்னைக்கோ மாட்டுத் தொட்டிக்கோ திருப்பிவிடாதீர்கள்.

ஃபுளூரைடைப் பற்றி ஒரு வார்த்தை. நம் இரண்டு மாவட்டங்களின் நிலத்தடி நீரிலும் அது எவ்வளவு தொல்லை கொடுத்தது என்பதை ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வருவதற்கு முன்பிருந்தே இங்கே வாழ்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சூடாக்கினால் ஃபுளூரைடு போகாது, சாஃப்ட்னராலும் போகாது. சீக்கிரம் கொதிக்குமே என்று ஹீட்டர் தண்ணீரைப் பிடித்து உலை வைப்பதை மருமகளிடம் சொல்லி நிறுத்திவிடுங்கள். குடிக்கவும் சமைக்கவும் குடிநீர்க் குழாய்த் தண்ணீரே இருக்கட்டும்.

பொருத்தும்போது நீங்கள் அருகில் நின்று பார்க்க வேண்டிய ஒன்று, அழுத்தம் கூடினால் தண்ணீரை வெளியே விடும் ரிலீஃப் வால்வு. 200 லிட்டர் தண்ணீர் 55 டிகிரிக்குச் சூடேறும்போது இரண்டு லிட்டருக்கு மேல் விரியும். உள்ளே வரும் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு எனப்படும் ஒருவழி வால்வு இருப்பதால் அந்தத் தண்ணீர் திரும்பிப் போக முடியாது; ரிலீஃப் வால்வு வழியாகச் சொட்டுச் சொட்டாக வெளியேறும். அது பழுதல்ல. ஒழுகுகிறது என்று நினைத்து அதன் வாயை டம்மி போட்டு அடைப்பவர்கள் இருக்கிறார்கள். அடைத்துவிட்டால் அழுத்தம் முழுவதையும் தொட்டியே தாங்க வேண்டும். தெர்மோஸ்டாட்டும் கோளாறானால் உயிருக்கே ஆபத்து. வால்விலிருந்து ஒரு குழாயை, நடுவில் எந்தத் தடையும் இல்லாமல், கண்ணுக்குத் தெரியும்படி வடிகால் வரை விடச் சொல்லுங்கள்.

மின் இணைப்பு தனி வயரில், தனி எம்.சி.பி.யில் வர வேண்டும். மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம், எர்த் குழியைப் புதுப்பித்து உப்பும் கரியும் போட்டு நாளாகியிருந்தால் அதையும் பார்த்துவிடுங்கள். சிங்கிள் பேஸே போதும். வயல்களில் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று எலக்ட்ரீஷியனை அளக்கச் சொல்லி, 180க்குக் கீழே போனால் ஸ்டெபிலைசர் வையுங்கள்.

ஓட்டும் நேரத்தைக் கடைக்காரர்கள் யாரும் சொல்வதில்லை. விடியற்காலையில் எழுந்து சுவிட்சைப் போடும் கீசர் பழக்கம் இதற்கு உதவாது. 200 லிட்டர் சூடாக மூன்று, நான்கு மணி நேரம் பிடிக்கும், அதுவும் நாளின் மிகக் குளிர்ந்த காற்றில். டைமரில் பகல் பன்னிரண்டு முதல் நான்கு வரை ஓடும்படி வைத்துவிடுங்கள். அப்போது காற்று சூடாக இருக்கும், கம்ப்ரசருக்கு வேலை குறையும். நல்ல உறை போட்ட தொட்டி விடியும்வரை சில டிகிரிகள்தான் இழக்கும். சூட்டை 50 டிகிரியில் வைத்து, வாரம் ஒரு நாள் மட்டும் 60க்கு உயர்த்துங்கள்; வெதுவெதுப்பான தொட்டிகளில் வளரும் லெஜியோனெல்லா என்ற கிருமிக்காக இந்த ஏற்பாடு. 60 டிகிரி தண்ணீர் ஐந்தாறு விநாடியில் தோலைப் பொசுக்கிவிடும். பேரனும் மாமியாரும் குளிக்கும் அறைகளில் சூட்டைக் கட்டுப்படுத்தும் கலவை வால்வு ஒன்றைப் போட்டுவிட்டால், அந்த நாளிலும் பயமில்லை.

பொருத்தி முடிந்ததும் முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். ஒரு நாள் வீட்டிலுள்ள மற்றவற்றை எல்லாம் நிறுத்திவிட்டு, மின் மீட்டரின் எண்ணையும் தொட்டியின் வெப்பநிலையையும் குறித்துக்கொண்டு, யாரும் குழாயைத் திறக்காமல் ஒரு சுற்று ஓட விடுங்கள். 200ஐ ஏறிய டிகிரியால் பெருக்கி 860ஆல் வகுத்தால், தண்ணீருக்குள் போன வெப்பம் யூனிட்டில் கிடைக்கும். 25 டிகிரி ஏறியிருந்தால் அது 5.8. மீட்டர் 2 யூனிட் நகர்ந்திருந்தால் இயந்திரம் ஒழுங்காக உழைக்கிறது. 4, 5 என்று காட்டினால் மின் காயில் ஓடுகிறது அல்லது கேஸ் குறைவு. பொருத்தியவரை அன்றைக்கே திரும்ப வரவழையுங்கள்.

பில்லில் மாடல் எண், தொட்டிக்கும் கம்ப்ரசருக்கும் தனித்தனியே வாரண்டி ஆண்டுகள், எந்த அளவு கடினத்தன்மை வரை வாரண்டி செல்லும் என்பது ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். சர்வீஸ் ஆள் ஓசூரிலிருந்து வருவாரா, பெங்களூரிலிருந்து வர வேண்டுமா என்பதையும் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஒழுகாத கீசரை மட்டும் இந்தத் தை முடியும்வரை மாமியாரின் குளியலறையிலிருந்து கழற்ற வேண்டாம்.